வரைந்த கையோடு அவர்களிடம் காட்டுங்கள்

என் சித்திரக்கதையின் முதல் அத்தியாயத்தில், மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்து வருவார். இணையத்தில் ஏற்றுவதற்கு முந்தைய நாள் அந்தப் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குப் போனேன். அந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்த அக்கா, ஏலத்தில் எடுத்த சங்கரா மீனை அப்போதுதான் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். விரல்களில் ஒட்டியிருந்த செதிலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா சும்மாடு எங்க? சும்மாடு இல்லாம எவ தலையில கூடை வெப்பா?" என்றார். சற்று நேரம் கழித்து, "கூடையிலேர்ந்து ஐஸ் தண்ணி ஒழுகிக்கினே இருக்குமே, அதையும் காணோம்" என்றார்.

துணியைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைக்கும் சும்மாட்டைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனாலும் வரைய உட்கார்ந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் விஷயம் அதைவிடப் பெரியது. மீன்கூடையோடு ஏறியதற்காக ஒரு பெண்ணைப் பேருந்திலிருந்து இறக்கிவிடுவதுதான் அந்த அத்தியாயத்தின் கதை. நடத்துநரை முழுக்கக் கொடியவராகக் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில், கூடையைச் சொட்டு நீர்கூட இல்லாத சுத்தமான பொருளாக வரைந்திருந்தேன். உண்மையில் கூடை ஒழுகும். ஒழுகும் நீர் பிடரி வழியாக முதுகில் இறங்கும். அதைத் தடுக்க அந்தப் பெண் தோளில் ஒரு பாலித்தீன் தாளை விரித்துக்கொள்வார். பேருந்துக்குள் நீர் பரவினால் பக்கத்தில் நிற்பவர் காலை நகர்த்திக்கொண்டு முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பைத் தாங்கிக்கொண்டுதான் அவர் நாள்தோறும் ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டு வருகிறார். தண்ணீரை அழித்த நான் அவர் படும் பாட்டையும் சேர்த்து அழித்திருந்தேன்.

அன்றிரவே ஐந்து கட்டங்களைத் திருத்தி வரைந்தேன். திருத்திய பிறகு நடத்துநருக்கும் சொல்வதற்கு ஒரு நியாயம் வந்தது. கதையைப் படித்தவர்களில் பலர், பேருந்தின் பின்பக்கத்தில் கூடைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினால் என்ன, மூடி போட்ட வாளிகளை மானியத்தில் கொடுத்தால் என்ன என்று எழுதினார்கள். முதல் வடிவத்தையே ஏற்றியிருந்தால், நடத்துநரைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். சமூகச் சிக்கல்களைத் தொடராக வரைய நினைப்பவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டால், முதலில் இந்தச் சும்மாட்டுக் கதையைத்தான் சொல்கிறேன். எந்த மனிதர்களைப் பற்றி வரைகிறோமோ அவர்களிடம், வரைந்த கையோடு, உலகத்துக்குக் காட்டுவதற்கு முன்பாகக் காட்டிவிட வேண்டும்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சிறிய டி.டி.பி. கடை நடத்துகிறேன். அப்பா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பிளெக்ஸ் பரவிய பிறகு தூரிகையை வைத்துவிட்டார். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டு, ஆற்றாமையோடு பேசிய காணொளி மாநிலம் முழுவதும் பரவியது. பயணச்சீட்டுக்குக் காசு வேண்டாம் என்று ஆன பிறகும் கூடையோடு ஏறுவதற்கு ஒரு கெஞ்சல் தேவைப்படுகிறதே என்ற எண்ணம் மனதை விட்டு அகலவில்லை. அடுத்த சில மாதங்களில் வரையத் தொடங்கினேன்.

தொடக்கத்தில் நான் போட்ட திட்டம் தவறானது. அத்தியாயத்துக்கு ஒரு சிக்கல் என்று பட்டியல் போட்டுக்கொண்டேன்: வரதட்சணை, குடி, தீண்டாமை, கழிப்பறை, பள்ளி இடைநிற்றல். நான்காவது அத்தியாயம் வருவதற்குள் அது அரசுத் துறைகள் விநியோகிக்கும் விழிப்புணர்வுத் துண்டறிக்கையைப் போல ஆகிவிட்டது. பாத்திரங்கள் மூச்சு விடவில்லை, செய்தியைச் சுமந்துகொண்டு வந்து இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். பிறகு பட்டியலைக் கிழித்துப்போட்டுவிட்டு ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டேன். மீன் விற்கும் பெண், செவிலியர் படிப்புக்குப் போக விரும்பும் அவர் மகள், அந்தத் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்வரும் பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேர் போதுமானவர்களாக இருந்தார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துத் தோல் உரியும் என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் மகனுக்குச் சோற்றைக் கையால் ஊட்டாமல் கரண்டியால் கொடுக்கும் ஒரு கட்டத்தை வரைந்தேன், அதுவே சொல்லிவிட்டது. சிக்கல் மனிதர்களைத் தேடித் தானாக வரும்; நாம் மனிதர்களை மட்டும் விடாமல் பின்தொடர்ந்தால் போதும்.

அடுத்ததாக எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழில் சித்திரக்கதை செய்கிறவர்கள் கஷ்டப்பட்டுத்தான் இதைக் கற்றுக்கொள்கிறோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'ஒத்துக்கமாட்டேங்கிறாங்க' என்பது ஒரே சொல். குறுகலான பேச்சுக் குமிழுக்குள் அது நுழையாது, பாதியில் ஒடித்தால் படிக்கிறவர் தடுக்கி விழுவார். ஆகவே படத்தை வரைந்துவிட்டு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணிக்கும் பழக்கம் நமக்கு ஒத்துவராது. நான் இப்போது வசனத்தை முதலில் எழுதி, அது கேட்கும் அகலத்துக்குக் குமிழைப் போட்டு, அதன் பிறகுதான் ஆட்களை நிறுத்துகிறேன். இரண்டாவதாக, நம் எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் உறுப்புகள் உண்டு. 'கீ'யின் மேல்சுழியும் அதற்கு முந்தைய வரியில் உள்ள 'கூ'வின் கால்வீச்சும் மோதிக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடும் என்பதால், ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிட வரிகளுக்கிடையே அதிகமாக இடைவெளி விட வேண்டியிருக்கிறது.

மென்பொருள் தரும் தொல்லை தனி. படம் வரைவதற்கென்று இருக்கும் சில செயலிகளில் யூனிகோடுத் தமிழைத் தட்டினால், 'கொ' என்பதன் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து, நடுவில் புள்ளிகளாலான ஒரு வட்டத்தோடு நிற்கும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். நான் இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவில் வரைந்து, அதேபோல் இலவசமான இங்க்ஸ்கேப்பில் வசனம் சேர்க்கிறேன். அதில் தமிழ் பிசகுவதில்லை. ஒலிக்குறிப்புகளுக்கு மட்டும் எந்த எழுத்துருவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரட்டைக்கிளவி என்ற செல்வத்தை வைத்துக்கொண்டு, சலசல, கடகட, நெறுநெறு என்பவற்றையெல்லாம் அறிவிப்புப் பலகை எழுத்தில் போடுவது பாவமாகத் தோன்றியது. அப்பாவிடம் கேட்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு தூரிகையை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சீராக்கி, பழைய காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் எழுதிக் கொடுத்தார். 'படபட' என்பதில் ஒவ்வொரு 'ட'வும் முந்தையதைவிடக் கொஞ்சம் சாய்ந்திருக்கும்படி அவர் எழுதியிருந்ததை ஸ்கேனரில் வருடி எடுத்துக் கட்டத்தில் பொருத்தியபோது, தகரக் கூரை உண்மையாகவே அடித்துக்கொள்வது போலிருந்தது.

அளவு பற்றி ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். கீழ்நோக்கி உருட்டிப் படிக்கும் கதைகளுக்கு 800 பிக்சல் அகலம் வழக்கமான அளவு. கைப்பேசியில் அது நான்கு விரல் அகலம்தான் வரும். வசனத்தை 36 பிக்சலுக்குக் குறையாமல் வைத்து, விலை குறைந்த ஒரு கைப்பேசியில் போட்டு, நண்பகல் வெயிலில் கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். அங்கே படிக்க முடிந்தால்தான் என் வாசகர்களால் படிக்க முடியும். கைப்பேசியில் படிக்காதவர்களுக்காகக் கடையிலேயே கறுப்பு வெள்ளையில் எட்டுப் பக்கம் அச்செடுத்துப் பின்போட்டு எடுத்துச் செல்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்துக் காட்டுவார்கள். அப்படி வாய்விட்டு வாசிக்கும்போது எந்த வசனத்தில் நாக்கு சிக்குகிறதோ அது நான் பொய்யாக எழுதிய வசனம் என்று கண்டுகொள்வேன். படத்துக்குள் இருக்கும் தமிழைப் பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் படிக்காது என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரையும் எழுதுகிறேன். நேரம் பிடிக்கிற வேலை, ஆனால் விடக்கூடாத வேலை.

இனி நான் செய்த பிழைக்கு வருகிறேன். தொடரின் 11 ஆவது அத்தியாயம், கையுறையும் காலணியும் தரப்படாமல் வேலை பார்க்கும் ஓர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரைப் பற்றியது. என்னிடம் மனம் திறந்து பேசிய ஒரு பெண்ணின் அனுபவம் அது. பெயரை மாற்றினேன், முகத்தை மாற்றினேன், வயதைப் பத்து ஆண்டுகள் கூட்டினேன். ஆனால் அவர் தள்ளுவண்டியில் ஆசையாகக் கட்டி வைத்திருந்த ஒரு சிறு பொருள் என் கண்ணைப் பறித்தது. அழகாக இருக்கிறதென்று அதை அப்படியே வரைந்துவிட்டேன். அவசரத்தில் அந்த ஒரு முறை மட்டும் முன்கூட்டிக் காட்டாமல் ஏற்றினேன். மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் கைப்பேசியில் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கி அவர் முன் நீட்டியிருக்கிறார். வேலை போகவில்லை, ஆனால் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் உள்ள வேறொரு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் நான்கு மணிக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. எந்த ஊர், எந்த ஒப்பந்ததாரர் என்பதை எழுதினால் அதே பிழையை இரண்டாவது முறை செய்தவளாவேன்.

அத்தியாயத்தை உடனே எடுத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீ நல்லதுக்குத்தான் பண்ணின, எனக்குத் தெரியும்மா. ஆனா நாளைக்கும் நான் அங்கதான் போயி நிக்கணும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து ஒரு நடைமுறையை வைத்திருக்கிறேன்: முடித்த அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, இந்த மனிதரைத் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பார் என்ற கேள்வியோடு மட்டும் ஒருமுறை முழுதாகப் பார்க்கிறேன். வாசலில் உள்ள மரம், வண்டியின் நிறம், நடையில் உள்ள சாய்வு, அடிக்கடி சொல்லும் ஒரு சொல் என எல்லாமே முகத்தைப் போலவே காட்டிக்கொடுக்கும். ஒருவர் முதல் நாள் தரும் சம்மதத்தை முடிந்த முடிவாகவும் எடுத்துக்கொள்வதில்லை. கோட்டுருவில் ஒரு முறை, முடித்த பிறகு ஒரு முறை என இருமுறை கேட்கிறேன். இரண்டாம் முறை வேண்டாம் என்றால், எத்தனை இரவு விழித்து வரைந்திருந்தாலும் அது வெளியே போகாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. வரைகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது கட்டாயம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72 ஆவது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23 ஆவது பிரிவு இன்னும் கண்டிப்பானது: பெயர், முகவரி, புகைப்படம் ஆகியவற்றோடு குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது. அவதூறுக்கு நியாய சன்ஹிதாவின் 356 ஆவது பிரிவு இருக்கிறது. சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும். ஓவியருக்கு இவற்றின் பொருள் மிக நேரடியானது. பள்ளிச் சீருடையின் நிறம், பின்னணியில் தெரியும் கோபுரம், பேருந்தின் தடம் எண் ஆகிய எல்லாமே 'அடையாளம் காட்டக்கூடிய விவரம்' ஆகலாம். இங்கிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் புதுச்சேரியிலிருந்துதான் பாரதி 1908 முதல் 'இந்தியா' வார இதழை நடத்தி, அதில் கருத்துப்படங்களை வெளியிட்டார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது கைது செய்யப்பட்டு, எங்கள் கடலூர்ச் சிறையில்தான் அடைக்கப்பட்டார். படம் போட்டு அதிகாரத்தைக் கேள்வி கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பது எனக்குப் பெரிய தெம்பு. ஆனால் வரைகிற நான் ஏற்றுக்கொள்ளும் ஆபத்து வேறு, வரையப்படுகிறவர் கேளாமலே அவர் தலையில் நான் ஏற்றிவைக்கும் ஆபத்து வேறு.

தகவலைச் சேகரிப்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 எனக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 'பணியாளர்களுக்குப் பாதுகாப்பு உண்டா' என்று கேட்டால் 'உண்டு' என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். குறிப்பிட்ட ஆண்டில் எத்தனை சோடிக் கையுறைகள் வாங்கப்பட்டன, எந்தத் தேதியில் யாரிடம் கையெழுத்துப் பெற்று வழங்கப்பட்டன என்று கேட்க வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013 இல் வந்தது. கழிவுநீர்க் குழாயில் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 2014 இல் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீடு 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இந்த எண்களைப் பாத்திரங்களின் வாயில் போட்டால் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். நான் அவற்றை ஒரு விண்ணப்பத் தாளில், பாத்திரம் முகவரி எழுதும் இடம் எது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கட்டத்தில், பின்னணியாக வைத்தேன். படிக்க விரும்புகிறவர் பெரிதாக்கிப் படித்துக்கொள்வார்.

தொடர் என்று அறிவித்துவிட்டால் தேதி தவறக் கூடாது. முதலில் வாரம் ஒன்று என்று ஆரம்பித்து, இரண்டே மாதத்தில் மணிக்கட்டு வீங்கி நின்றுபோனேன். இப்போது இரு வாரத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பது கட்டங்கள், கையிருப்பில் எப்போதும் மூன்று அத்தியாயங்கள். இந்தக் கையிருப்பின் அருமை 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது தெரிந்தது. மின்சாரம் போனது; அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரோடு தென்பெண்ணை கரைபுரண்டு வர, கடையில் கீழ்த்தட்டில் இருந்த தாள்களையெல்லாம் பரணுக்கு ஏற்றினேன். முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்ததால் அந்த வாரத்து அத்தியாயம் தானாகவே வெளியாயிற்று. ஆனால் அது பொங்கலுக்குப் புதுத்துணி எடுக்கும் மகிழ்ச்சியான கதை. தெரு முழுக்கச் சேறாக இருக்கும்போது அது வெளியானதைப் பார்க்க எனக்கே வேதனையாக இருந்தது. இப்போது கையிருப்பில் உள்ள மூன்றில் ஒன்றை எந்தச் சூழலிலும் வெளியிடத்தக்கதாக, பேச்சில்லாத அமைதியான அத்தியாயமாக வைத்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாசகர்கள் அனுப்பும் தொகை அச்சுத் தாளுக்கும் இணையக் கட்டணத்துக்கும் சரியாகப் போகிறது. வீட்டை நடத்துவது கடைதான். கதையில் யாருடைய அனுபவத்தைப் பயன்படுத்துகிறேனோ அவருடைய ஒரு நாள் கூலி கெட்டுப்போகும்படி உட்காரவைத்துப் பேசினால், அந்தக் கூலியைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிய பகுதியை வரைந்துகொண்டிருக்கிறேன். விசைப்படகுகள் கரையில் வரிசையாக நிற்க, விற்பதற்கு மீன் குறைந்துபோன நாட்களில் அந்த அக்கா கருவாட்டுக் கூடையோடு அதே பேருந்தில் ஏறுகிறார். அந்தப் பகுதியில் தூய்மைப் பணியாளரும் மறுபடி வருகிறார். 11 ஆவது அத்தியாயத்துக்குப் பிறகு நான் அவரைப் பற்றி வரைவதை விட்டிருந்தேன்; இந்த முறை கேட்டது அவர்தான். "வண்டிய வரையாத, மொகத்த வரையாத. என் கைய மட்டும் வரை" என்றார். பன்னிரண்டு கட்டங்கள் கைகள் மட்டுமாக வரைந்து, போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டு, கையில் இருந்த ஓர் அடையாளத்தைச் சுட்டிக்காட்டி, "இத எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும்மா, எடுத்துடு" என்றார். பன்னிரண்டிலும் அதை எடுத்துவிட்டேன். இந்த வாரம் மறுபடி கொண்டுபோகிறேன்.